கேரவனில் விடிய விடிய ஏசி ஓட எத்தனை பேட்டரி வேண்டும்? ‘இன்னொன்னு சேர்த்தா போதும்’ என்பது ஏன் தப்புக் கணக்கு?

2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம். கேரள மாநிலம் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் 2 பேர் இறந்து கிடந்தனர். ஏசி ஓடுவதற்காக வண்டியில் இருந்த ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது. அதன் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு வாயு வண்டிக்குள் புகுந்ததே மரணத்துக்குக் காரணம் என்று, அந்த வண்டியில் சோதனை நடத்திய கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் கண்டறிந்தனர்.

கேரவன் என்றாலே ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கும் நடிகர்களின் வண்டிதான் பலருக்கு ஞாபகம் வரும். அந்த வண்டிகள் ஜெனரேட்டரை நம்பியே ஓடுகின்றன. ஆனால் இப்போது குடும்பத்தோடு ஊர் சுற்றுபவர்களும் டெம்போ டிராவலர், மினி பஸ் போன்றவற்றை வீடு மாதிரி மாற்றிக்கொள்கிறார்கள். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கையை அறிவித்து, வாகமண்ணில் கேரவன் பார்க்கும் வந்துவிட்டது.

படுக்கைக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடுவதைவிட பேட்டரி எவ்வளவோ மேல். சத்தம் இல்லை, புகை இல்லை. அதனால்தான், “இருக்கிற பேட்டரியோட இன்னும் ரெண்டு சேர்த்துட்டா நைட் ஃபுல்லா ஏசி ஓடும்ல?” என்ற கேள்வி கேரவன் வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் வருகிறது.

சேர்க்கலாம். ஆனால் பேட்டரி வாங்குவது இந்த வேலையில் கடைசிப் படி. அதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு நிறைய இருக்கிறது. அதைத் தவறவிட்டால் காசு போவதோடு நிற்காது, வண்டியே தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

கேரவனில் இருப்பது எந்த பேட்டரி?

ஒரு கேரவனில் குறைந்தது 2 பேட்டரிகள் இருக்கும். ஒன்று வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு. இது சில விநாடிகள் மட்டும் பெரிய கரண்ட்டைக் கொடுக்கும் வகையில் செய்யப்பட்டது. மற்றொன்று லைட், ஃபேன், ஃபிரிட்ஜ் போன்ற வீட்டு வேலைகளுக்கு. இதை ‘ஹவுஸ் பேட்டரி’ என்பார்கள். நாம் பேசுவது இந்த இரண்டாவது பேட்டரியைப் பற்றித்தான்.

ஸ்டார்ட்டிங் பேட்டரியில் ஃபேன், ஃபிரிட்ஜ் ஓட்டினால் சில மாதங்களிலேயே அது படுத்துவிடும். காலையில் வண்டியும் ஸ்டார்ட் ஆகாது. இரண்டையும் பிரித்து வைப்பது முதல் விதி.

ஏ.எச். கணக்கை யூனிட்டாக மாற்றினால் எளிது

பேட்டரியில் 100 ஏ.எச்., 150 ஏ.எச். என்று எழுதியிருக்கும். ஏ.எச். என்றால் ஆம்பியர்-ஹவர். இதை வோல்ட்டால் பெருக்கினால் வாட்-ஹவர் வரும். 1000 வாட்-ஹவர் என்பது 1 யூனிட். மாதாமாதம் ஈ.பி. பில்லில் பார்க்கிறோமே, அதே யூனிட்தான்.

ஆக, 12 வோல்ட் 150 ஏ.எச். பேட்டரி ஒன்றில் காகிதக் கணக்கில் இருப்பது 1.8 யூனிட். அவ்வளவுதான். வீட்டில் 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த எண் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும்.

இப்போது செலவைப் பார்ப்போம். 4 பேர் செல்லும் ஒரு டிராவலர் கேரவன் என்று வைத்துக்கொள்வோம்.

12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் சுமார் 50 வாட் இழுக்கும். ஆனால் விட்டு விட்டுத்தான் ஓடும். ஒரு நாளைக்கு அரை யூனிட்டை ஒட்டி வரும். 25 வாட் ஃபேன் 2 எண்ணிக்கை, 10 மணி நேரம் ஓடினால் அரை யூனிட். எல்.இ.டி. லைட்டுகள், செல்போன், லேப்டாப், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்த்து இன்னொரு அரை யூனிட். மொத்தம் ஒன்றரை யூனிட்.

இதுவரை பிரச்னை இல்லை. இனிமேல்தான் இருக்கிறது.

இண்டக்‌ஷன் அடுப்பை 1500 வாட்டில் மூன்று வேளையும் சேர்த்து 40 நிமிடம் ஓட்டினால் அதுவே 1 யூனிட். 1 டன் இன்வெர்ட்டர் ஏசி, ரூம் குளிர்ந்த பிறகு கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றாலும், தகரக் கூரை உள்ள வண்டியில் சராசரியாக 500 முதல் 600 வாட் வரை இழுக்கும். 8 மணி நேரத்துக்கு 4 முதல் 5 யூனிட் வரை போய்விடும்.

ஆக ஏசி, அடுப்பு எல்லாம் சேர்த்தால் நாளொன்றுக்கு 7 யூனிட். ஏசியும் அடுப்பும் இல்லாவிட்டால் ஒன்றரை யூனிட். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில்தான் ஒருவரின் பட்ஜெட் முழுவதும் அடங்கியிருக்கிறது. பேட்டரி கடைக்குப் போவதற்கு முன், இந்த இரண்டில் எது தேவை என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிடுவது நல்லது.

லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிதான் கையில் கிடைக்கும்

வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் உயரமான டியூபுலர் பேட்டரியை அப்படியே வண்டிக்குள் வைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. விலை குறைவு, எங்கும் கிடைக்கும் என்பது காரணம். ஆனால் இதில் மூன்று சிக்கல்கள்.

ஒன்று, லெட்-ஆசிட் பேட்டரியை முழுவதும் காலி செய்யக் கூடாது. பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். அதாவது 1.8 யூனிட் பேட்டரியில் நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடியது 0.9 யூனிட்தான். அதுவும் மெதுவாக எடுத்தால் மட்டும். ஏசி, இண்டக்‌ஷன் போன்றவற்றுக்காக வேகமாக உறிஞ்சினால் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

இரண்டு, எடை. 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஒன்று 50 கிலோவைத் தாண்டும். 7 யூனிட் வேண்டுமென்றால் இப்படி 8 பேட்டரி. 400 கிலோவுக்கு மேல்! ஆறேழு பேரைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு மலை ஏறுவதற்குச் சமம்.

மூன்று, இது ஓடும் வண்டிக்காகச் செய்யப்பட்டது அல்ல. கொல்லிமலை மாதிரி கொண்டை ஊசி வளைவுகளில் ஆசிட் தளும்பும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். மூடிய பெட்டிக்குள், படுக்கைக்கு அடியில் அது தேங்கினால் ஒரு சின்னப் பொறி போதும், வெடித்துவிடும். லெட்-ஆசிட் வைத்தே ஆக வேண்டும் என்றால் சீல் செய்யப்பட்ட ஏ.ஜி.எம். அல்லது ஜெல் வகையும், வெளியே காற்று போக வழியும் அவசியம்.

லித்தியம் என்றால் எல்லாம் ஒன்றல்ல

இதனால்தான் கேரவன் உலகம் முழுவதும் இப்போது எல்.எஃப்.பி. பேட்டரிக்கு மாறி வருகிறது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்பதன் சுருக்கம் இது. செல்போனில் இருக்கும் லித்தியம் பேட்டரியும் இதுவும் ஒன்றல்ல. எல்.எஃப்.பி. கொஞ்சம் எடை கூடுதல், ஆனால் சூட்டைத் தாங்கும் தன்மை அதிகம். மற்ற லித்தியம் வகைகளைவிட எளிதில் தீப்பிடிக்காது. தீயே பிடிக்காது என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

12.8 வோல்ட் 100 ஏ.எச். எல்.எஃப்.பி. பேட்டரியில் 1.28 யூனிட் இருக்கும். அதில் 80 முதல் 90 சதவீதம் வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். எடை சுமார் 10 முதல் 13 கிலோ. 7 யூனிட் தேவைக்கு, இன்வெர்ட்டரில் வீணாகும் 10 சதவீதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், இப்படி 7 பேட்டரி போதும். மொத்த எடை சுமார் 90 கிலோவுக்குள் அடங்கிவிடும். வாங்கும்போது லெட்-ஆசிட்டைவிடப் பல மடங்கு விலை என்றாலும், 2000 முதல் 4000 முறை வரை சார்ஜ் ஏற்றி இறக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு கூடுதல் தகவல். எல்.எஃப்.பி.யை உலகுக்கு 1997-ல் அறிமுகப்படுத்தியது அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் குட்எனஃப் குழு. அதற்கு வழிவகுத்த ஆரம்ப ஆய்வுகளில் 1980-களில் அவருடன் பணியாற்றியவர், தமிழ்நாட்டில் பிறந்து மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். 2019-ல் குட்எனஃபுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, 97 வயதான அவரது சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரம்தான்.

பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்க்கலாமா?

பலரும் சறுக்கும் இடம் இதுதான். “பழசு இன்னும் நல்லாத்தானே இருக்கு, அதோட பேரலல்ல புதுசை மாட்டிடலாம்” என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம்.

பேரலல் என்றால் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் இணைப்பது. வோல்ட் மாறாது, ஏ.எச். மட்டும் கூடும். கேட்க எளிதாக இருந்தாலும், இப்படி இணைத்த பேட்டரிகள் எல்லாம் ஒரே மாட்டு வண்டியில் பூட்டிய மாடுகள் மாதிரி. 3 வருடம் ஓடித் தேய்ந்த பேட்டரி சீக்கிரம் சரியும். பக்கத்தில் இருக்கும் புதியது, வண்டிக்கும் கரண்ட் கொடுத்து, பழையதையும் நிரப்ப ஆரம்பிக்கும். ஓராண்டில் புதியதும் பழையதைப் போலவே ஆகிவிடும்.

லெட்-ஆசிட்டோடு லித்தியத்தைச் சேர்ப்பது அதைவிட மோசம். முழு சார்ஜில் சும்மா இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி 12.7 வோல்ட் காட்டும். எல்.எஃப்.பி. 13.3 வோல்ட் வரை காட்டும். இரண்டையும் நேரடியாக இணைத்தால் உயரத்தில் இருக்கும் தொட்டியில் இருந்து தாழ்வான தொட்டிக்குத் தண்ணீர் ஓடுவது போல, லித்தியத்தில் இருந்து லெட்-ஆசிட்டுக்கு எந்நேரமும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும்.

சேர்க்கும் பேட்டரிகள் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே ஏ.எச்., ஏறக்குறைய ஒரே வயது என்று இருக்க வேண்டும். இணைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழு சார்ஜ் செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மாட்டிய நொடியிலேயே நிறைந்த பேட்டரியில் இருந்து காலி பேட்டரிக்குப் பெரும் கரண்ட் பாயும், ஸ்பேனர் நுனியில் பொறி பறக்கும்.

இன்னொரு நுணுக்கம்: பிளஸ் வயரையும் மைனஸ் வயரையும் ஒரே பேட்டரியில் இருந்து எடுக்கக் கூடாது. பிளஸ்ஸை முதல் பேட்டரியில் இருந்தும், மைனஸைக் கடைசி பேட்டரியில் இருந்தும் எடுக்க வேண்டும். அப்போதுதான் எல்லா பேட்டரியும் ஏறக்குறைய சமமாக உழைக்கும். மூன்று நான்குக்கு மேல் போனால் பஸ்-பார் என்ற தடித்த செம்புப் பட்டை வைத்து, ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரே நீள வயர் இழுப்பது சிறந்தது.

தொட்டி பெரிசு, குழாய் அதேதானா?

பேட்டரியை இரண்டு மடங்கு ஆக்கினால் கரண்ட் இரண்டு மடங்கு ஆகாது. தொட்டியைப் பெரிதாக்கிவிட்டு அதே சின்னக் குழாயை வைத்திருந்தால் தொட்டி எப்படி நிறையும்? கேரவன் பேட்டரிக்குக் கரண்ட் வரும் வழிகள் மூன்று. சோலார், வண்டியின் ஆல்டர்னேட்டர், நிறுத்தும் இடத்தில் கிடைக்கும் பிளக் பாயின்ட்.

சோலாரை எடுத்துக்கொள்வோம். டிராவலர் கூரையில் ஏசியின் வெளி யூனிட், ஸ்கைலைட் எல்லாம் போக 600 வாட் பேனல் வைக்க முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலுக்கு முழு வெயில் கணக்கில் ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம். படுக்கை வசத்தில் இருக்கும் பேனல், தூசி, சூடு என்று கால்வாசி போனால் கையில் கிடைப்பது 2 யூனிட். ஃபேன், ஃபிரிட்ஜ், லைட்டுக்கு இது போதும். ஏசிக்குப் போதாது. மரத்தடியில் நிறுத்தினால் அதுவும் வராது. வண்டி குளிர வேண்டும் என்றால் நிழல் வேண்டும், பேட்டரி நிறைய வேண்டும் என்றால் வெயில் வேண்டும். கேரவன்காரர்களின் தினசரித் தலைவலி இது.

அடுத்தது ஆல்டர்னேட்டர். பழைய வண்டிகளில் ஒரு ரிலே வைத்து, வண்டி ஓடும்போது இரண்டு பேட்டரியையும் இணைத்துவிடுவார்கள். லெட்-ஆசிட் இருந்தவரை இது சமாளித்தது. ஏனென்றால் லெட்-ஆசிட் கொஞ்சம் நிறைந்ததுமே கரண்ட் எடுப்பதைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் அப்படி இல்லை. கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் தன் முழு சக்தியையும் மணிக்கணக்கில் கொடுத்துச் சூடாகி, கடைசியில் சுருள் கருகிவிடும். வண்டி டிராஃபிக்கில் ஐட்லிங்கில் நிற்கும்போது ஆல்டர்னேட்டரின் ஃபேனும் மெதுவாகச் சுற்றும் என்பதால் ஆபத்து இன்னும் அதிகம்.

இதற்குத் தீர்வு, டி.சி.-டி.சி. சார்ஜர். ஆல்டர்னேட்டருக்கும் ஹவுஸ் பேட்டரிக்கும் நடுவில் உட்கார்ந்து, 30 அல்லது 60 ஆம்பியருக்கு மேல் எடுக்காமல் பார்த்துக்கொள்ளும். லித்தியத்துக்கு வேண்டிய வோல்ட்டேஜையும் சரியாகக் கொடுக்கும். ஆல்டர்னேட்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரில் பாதிக்கு மேல் போகாமல் சார்ஜரைத் தேர்வு செய்வது பாதுகாப்பு. 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் 5 மணி நேரப் பயணத்தில் சுமார் 2 யூனிட் ஏறும். 60 ஆம்பியர் என்றால் 4 யூனிட்.

மூன்றாவது, பிளக் பாயின்ட். ஹோட்டல், ரிசார்ட், கேரவன் பார்க் போன்ற இடங்களில் 16 ஆம்பியர் பிளக் கிடைத்தால், 60 ஆம்பியர் லித்தியம் சார்ஜர் மூலம் 8, 9 மணி நேரத்தில் 7 யூனிட்டையும் நிரப்பிவிடலாம். ஆனால் பிளக் கிடைக்கும் இடத்தில் ஏசியை நேரடியாகவே ஓட்டலாமே? பேட்டரி தேவைப்படுவது பிளக் இல்லாத இடத்தில்தான்.

மூன்றையும் கூட்டிப் பாருங்கள். தினமும் 5 மணி நேரம் வண்டி ஓட்டி, வெயிலில் நிறுத்தி, 60 ஆம்பியர் சார்ஜரும் வைத்திருந்தால் ஒரு நாளைக்கு 6 யூனிட். 7 யூனிட் செலவு செய்பவருக்கு இதுவும் ஒரு யூனிட் குறைவுதான். ஒரே இடத்தில் 2 நாள் தங்கினால் சோலாரின் 2 யூனிட் மட்டுமே. முதல் இரவு ஏசி ஓடும், இரண்டாவது இரவு ஃபேன்தான். இதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டவர்கள், 7 பேட்டரிக்குப் பதில் 3, 4 பேட்டரியோடு நிறுத்திக்கொண்டு, மிச்சக் காசைக் கூரைக்கும் பக்கச் சுவருக்கும் நல்ல இன்சுலேஷன் போடுவதில் செலவிடுகிறார்கள். ஏசி ஓடும் நேரம் குறைந்தால் பேட்டரியும் குறைவாகப் போதும்.

“அப்போ நைட்ல கொஞ்ச நேரம் இன்ஜினை ஸ்டார்ட்ல விட்டு சார்ஜ் ஏத்திக்கலாமே?” வேண்டவே வேண்டாம். வடகரையில் ஜெனரேட்டர் செய்ததை இன்ஜின் புகையும் செய்யும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. பேட்டரி கேரவனோ, ஜெனரேட்டர் கேரவனோ, படுக்கை பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

வயர், ஃபியூஸ்: தீ இங்கிருந்துதான் தொடங்கும்

பெரும்பாலும் பேட்டரியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் அதிகம் பயப்பட வேண்டியது வயரைப் பார்த்து.

வீட்டில் 230 வோல்ட். 2000 வாட் ஹீட்டர் ஓடினால் வயரில் போவது 9 ஆம்பியர் கூட இல்லை. அதே 2000 வாட்டை 12 வோல்ட் பேட்டரியில் இருந்து இன்வெர்ட்டர் எடுத்தால், இழப்பையும் சேர்த்து 185 ஆம்பியர்! வீட்டு ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்.எம். வயர் போடுகிறோம். இங்கே பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே 70 ஸ்கொயர் எம்.எம். செம்பு கேபிள் வேண்டும். கட்டை விரல் தடிமன் இருக்கும்.

ஒரு லக் சரியாக கிரிம்ப் செய்யப்படாமல், அந்த இணைப்பில் ஒரு ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு ரெசிஸ்டன்ஸ் இருந்தாலே போதும். 185 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் 34 வாட் சூடு கிளம்பும். ஒரு சால்டரிங் அயர்னை எந்நேரமும் ஆன் செய்து மரப்பலகையில் சாய்த்து வைத்தது மாதிரி. கேரவன் உள்ளே எல்லாம் பிளைவுட்டும் ஃபோமும்தான்.

2000 வாட்டுக்கு மேல் தேவைப்படுபவர்கள் 24 அல்லது 48 வோல்ட்டுக்குப் போவதற்குக் காரணம் இதுதான். 24 வோல்ட்டில் கரண்ட் பாதியாகக் குறையும், 48-ல் கால்வாசி ஆகும். வயர் மெலிதாகும், சூடு குறையும். ஆனால் 12 வோல்ட் லைட், பம்ப், ஃபிரிட்ஜுக்கு தனியாக ஒரு கன்வெர்ட்டர் வைக்க வேண்டி வரும்.

ஃபியூஸ் விஷயத்தில் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு, வீட்டு எம்.சி.பி.யை பேட்டரி லைனில் போடுவது. வீட்டுக்கு வரும் ஏ.சி. கரண்ட், விநாடிக்கு 100 முறை பூஜ்யத்துக்கு வந்து போகும். அதனால் சுவிட்ச் பிரியும்போது வரும் பொறி தானாக அணையும். பேட்டரியின் டி.சி. கரண்ட் பூஜ்யத்துக்கு வருவதே இல்லை. பொறி அணையாமல் வெல்டிங் மாதிரி எரிந்துகொண்டே இருக்கும். டி.சி.க்கென்று செய்த பிரேக்கர், ஃபியூஸ் மட்டுமே போட வேண்டும்.

லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதாரண ஃபியூஸ் உருகினாலும் அந்தப் பொறியை அணைக்கத் திணறும். பெரிய லித்தியம் பேட்டரி வரிசைக்கு ‘கிளாஸ்-டி’ வகை ஃபியூஸை வல்லுநர்கள் பரிந்துரைப்பது இதனால்தான். ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி ஃபியூஸ், அதுவும் பிளஸ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் துண்டுக்குப் பாதுகாப்பே கிடையாது என்பதை மறக்கக் கூடாது.

பி.எம்.எஸ். இருந்தால் போதாதா?

லித்தியம் பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்ற சிறிய சர்க்யூட் இருக்கும். உள்ளே வரிசையாக இருக்கும் 4 செல்களில் ஏதாவது ஒன்று அளவுக்கு மீறி நிறைந்தாலோ, காலியானாலோ, சூடானாலோ இணைப்பைத் துண்டித்துவிடும். இது கடைசிக் காவலாளி. தினசரி வேலைக்கு இதை நம்பக் கூடாது.

நாலு பேட்டரி பேரலலில் ஓடும்போது ஒன்றின் பி.எம்.எஸ். கட் ஆனால், அதன் சுமை மற்ற மூன்றின் மீது விழும். அவையும் அடுத்தடுத்து கட் ஆகி, நடு ராத்திரியில் எல்லாம் இருண்டு போகும். நேரடியாக ஆல்டர்னேட்டரில் சார்ஜ் ஆகும்போது கட் ஆனால், போக இடமில்லாத கரண்ட் வோல்ட்டேஜாக எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடுகளைப் பதம் பார்த்துவிடும்.

சார்ஜர், இன்வெர்ட்டர் இரண்டிலும் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டியூபுலர் மோடில் விட்டால், லித்தியத்துக்குத் தேவையே இல்லாத அதிக வோல்ட்டேஜ் போய் பி.எம்.எஸ். அடிக்கடி துண்டிக்கும்.

இன்னொரு குழப்பம், எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்பது. எல்.எஃப்.பி.யின் வோல்ட்டேஜ் 80 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வோல்ட் மீட்டரைப் பார்த்து “இன்னும் நிறைய இருக்கு” என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மைனஸ் வயரில் ஷன்ட் வைத்து, உள்ளே போன கரண்ட்டையும் வெளியே வந்த கரண்ட்டையும் எண்ணும் பேட்டரி மானிட்டரே சரியான கணக்கைக் காட்டும்.

சென்னை வெயிலும் லடாக் குளிரும்

மே மாதம் மூடி நிறுத்திய வண்டிக்குள் வெளியே இருப்பதைவிடப் பல டிகிரி சூடு கூடும். அந்தச் சூட்டிலேயே நாள் கணக்கில் இருக்கும் பேட்டரியின் ஆயுள் தேயும். இன்ஜின் பக்கத்திலோ கூரையிலோ வைக்காமல், தரையோடு ஒட்டி, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே வைப்பது நல்லது. பெல்ட், கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். திடீர் பிரேக்கில் 50 கிலோ பேட்டரி பறந்து வந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

மணாலி, லடாக் பக்கம் போகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை. 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எல்.எஃப்.பி. பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. அந்தக் குளிரில் லித்தியம், எலக்ட்ரோடுக்குள் நுழையாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதத்தைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. கரண்ட் எடுக்கலாம், ஏற்றத்தான் கூடாது. காலையில் வெயில் வந்ததும் சோலார் தானாகவே சார்ஜ் ஏற்றத் தொடங்கிவிடும் என்பதால், குளிரில் சார்ஜைத் தடுக்கும் வசதி அல்லது உள்ளேயே ஹீட்டர் உள்ள பேட்டரியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

பழைய இ.வி. செல்களை வாங்கலாமா?

விலை குறைவு என்பதால் பழைய எலக்ட்ரிக் வாகனங்களில் இருந்து பிரித்த செல்களை வைத்து பேக் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். 2022-ல் நாட்டின் பல இடங்களில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்ததும், அதன்பின் மத்திய அரசு இ.வி. பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ்.-156 விதிகளைக் கடுமையாக்கியதும் நினைவிருக்கும். எந்த வகை செல், எத்தனை முறை சார்ஜ் ஆனது, அடிபட்டதா என்று எதுவும் தெரியாத பேக்கின் மேல் மெத்தை போட்டு, குழந்தைகளைத் தூங்க வைக்கிறோம் என்பதை யோசித்தால், அந்த விலைக் குறைவு பெரிதாகத் தெரியாது.

ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்கள் மாறும் வகையில் வண்டியை மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. டிராவலரை கேரவனாக மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி.யில் அது பதிவாகியிருக்க வேண்டும். ஏற்கெனவே கேரவனாகப் பதிவான வண்டியில் பேட்டரி கூட்டும்போது, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் டேங்க், ஆட்கள், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு ஒரு வே-பிரிட்ஜில் நிறுத்தி எடை போட்டால் தெரிந்துவிடும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் எலக்ட்ரிக்கல் மாற்றம் செய்திருந்தால், தீ விபத்துக்குப் பிறகு கிளெய்ம் மறுக்கப்படலாம். வேலையை முடித்த எலக்ட்ரீஷியனிடம் பில்லோடு சேர்த்து ஒரு வயரிங் வரைபடத்தையும் கேட்டு வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஃபியூஸ் எங்கே இருக்கிறது, மெயின் சுவிட்ச் எது என்பது அதில் இருக்க வேண்டும். வழியில் ஏதோ ஊரில் வண்டியைத் திறந்து பார்க்கும் மெக்கானிக்குக் கிடைக்கும் ஒரே வழிகாட்டி அந்தக் காகிதம்தான்.